நான்கு பேர், மூன்று குரோக்கெட்டா

நான்கு பேர் உட்கார்ந்திருக்கும் மேசையில் மூன்று குரோக்கெட்டாவை (ரொட்டித்தூளில் புரட்டிப் பொரித்த உருண்டை) வைத்துவிட்டு, "பகிர்ந்து சாப்பிடுங்கள்" என்று சிரித்துக்கொண்டே போய்விட்டான் பரிமாறிய பையன். எங்களில் மச்சினி சைவம், குரோக்கெட்டாவுக்குள் பன்றித்தொடை ஹமோன், அதனால் கணக்கு தானாகவே சரியாகிவிட்டது. ஆனால் அவளுக்கென்று கேட்டு வாங்கிய சாலட்டில் சூரை மீன் கிடந்தது. ஸ்பெயினில் 'வெஹெதால்' என்று எழுதியிருந்தால் காய்கறியும் உண்டு என்றுதான் பொருள், வேறெதுவும் இல்லை என்று பொருளில்லை. பில்பாவோவில் நாலு வருடமாக வேலை பார்க்கும் சகலைக்கே இது மறந்துபோயிருந்தது.

இடம் ரியோஹா. ஸ்பெயினின் வடபகுதியில், எப்ரோ ஆற்றங்கரையில் இருக்கும் ஒயின் வட்டாரம். அக்டோபர் கடைசி, அறுவடை முடிந்து திராட்சை இலையெல்லாம் சிவப்பும் மஞ்சளுமாக நிற்கும் நேரம். உணவகம் தோட்டத்துக்கு நடுவே, கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் கந்தாப்ரியா மலை. பெயர் சொல்லப்போவதில்லை, சொன்னாலும் பயனில்லை, இப்போது எல்லா ஒயின் ஊரிலும் இப்படி ஒன்று இருக்கிறது. உட்கார்ந்ததும் ஒரே வசனம்: "எங்களுடையது சிறு தட்டுகள், ஆளுக்கு மூன்று வாங்குங்கள், தயாரானதும் வந்துகொண்டே இருக்கும்." தயாரானதும் என்றால் சமையலறைக்கு வசதிப்பட்டதும் என்று அர்த்தம். முதலில் ஆட்டுக்கறி வந்தது. அது தீர்ந்து இருபது நிமிடம் கழித்து ஆலிவ் காய் வந்தது. நடுவில் ஒருவர் வந்து மண்ணைப் பற்றியும் மலை எப்படிக் குளிர்காற்றைத் தடுக்கிறது என்பதைப் பற்றியும் பத்து நிமிடம் பாடம் நடத்தினார், நல்ல பாடம்தான், ஆனால் அதற்குள் உருளைக்கிழங்கு ஆறி அவலாகிவிட்டது.

பில் 186 யூரோ. இரவு பதினோரு மணிக்கு ஓட்டல் அறையில், மாமியார் கொடுத்தனுப்பிய பொட்டலத்தைப் பிரித்தோம். அன்றைக்கு வயிறு நிறைந்தது தட்டால் அல்ல, தட்டையால்.

மறுநாள் சாயங்காலம் ரியோஹாவின் தலைநகரான லோக்ரோன்யோவில் லவுரெல் தெருவுக்குப் போகாமல் இருந்திருந்தால் இந்தப் பதிவே வந்திருக்காது. சின்ன தட்டு என்றாலே ஏமாற்று வேலை என்று முடிவுகட்டிவிட்டு ஊர் வந்து சேர்ந்திருப்பேன்.

லவுரெல் என்பது பழைய நகரத்துக்குள் சில நூறு மீட்டர் நீளத்துக்கு ஒரு சந்து, அதிலிருந்து பிரியும் இன்னும் சில சந்துகள், அவ்வளவுதான். கடைக்குக் கடை ஒட்டிக்கொண்டு நிற்கிறது. பெரும்பாலான கடைக்கு ஒரு பண்டம்தான் பேர். சொரியானோ என்ற கடையில் காளான். மூன்று காளான் குடைகளைச் சூடான இரும்புக் கல்லில் வாட்டி, ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி, பூண்டு மணக்கும் சாறு ஊற்றி, உச்சியில் ஒரு சின்ன இறால் வைத்து, ரொட்டித் துண்டோடு குச்சியில் குத்திக் கொடுக்கிறார்கள். மச்சினிக்கு இறால் இல்லாமல் வேண்டும் என்று சகலை கேட்டார், கல்லடியில் நின்றவர் தலையாட்டினார், முடிந்தது கதை. குத்துவது என்பதற்கான சொல்லிலிருந்துதான் 'பின்ச்சோ' என்ற பெயரே.

இன்னொரு சந்தில் 'மத்ரிமோனியோ' கொடுக்கிறார்கள். கல்யாணம் என்று பொருள். உப்பில் ஊறிப் பழுத்த நெத்திலி ஒன்று, வினிகரில் ஊறி வெளுத்த நெத்திலி ஒன்று, இரண்டையும் பச்சை மிளகாய்த் துண்டோடு சின்ன ரொட்டிக்குள் படுக்கவைத்திருக்கிறார்கள். (காரமில்லாத மிளகாய், நம் கணக்கில் அது காய்கறி.) மீன் ஒன்றே, பக்குவம்தான் வேறு. என் மனைவி அதைச் சாப்பிட்டுவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தாள், யார் உப்பு யார் வினிகர் என்று நான் கேட்கவில்லை.

இங்கே யாரும் 'பகிர்ந்து சாப்பிடுங்கள்' என்று பாடம் எடுப்பதில்லை. பகிர்வது முழுக்க வேறு இடத்தில் நடக்கிறது. கூட்டாளிகள் சேர்ந்து வருவார்கள், ஆளுக்கு இத்தனை என்று காசு போட்டு ஒருவர் கையில் கொடுத்துவிடுவார்கள். அந்தப் பொதுக் காசுக்குப் பெயர் போத்தே. ஒவ்வொரு கடையிலும் அவர் மட்டும் கல்லாவுக்குப் போவார். தட்டு அவரவருக்கு ஒன்று, காசு எல்லாருக்கும் பொது. முந்தைய இரவு நாங்கள் போன உணவகம் இதை அப்படியே தலைகீழாகத் திருப்பியிருந்தது, தட்டு பொது, பில்லைப் பார்த்தபோது அடித்துக்கொண்ட நெஞ்சு மட்டும் அவரவருடையது.

நான் சொல்ல வந்தது இதுதான். சின்ன தட்டு சின்னதாக இருப்பதற்கு ஒரு காரணம் இருக்கிறது, நீங்கள் அடுத்த கடைக்குப் போகவேண்டும். காளான் கடைக்காரருக்கு நீங்கள் பத்து நிமிட விருந்தாளி. நாற்காலி வேண்டாம், மேசை விரிப்பு வேண்டாம், நாற்பது வகைக்கான சாமான் வாங்கிக் குளிர்பெட்டியில் அடைக்க வேண்டாம். ஒரே பண்டம் என்பதால் கல் ஆறுவதே இல்லை, காளான் வாடுவதற்குள் விற்றுவிடுகிறது. அதனால்தான் ஒரு காளானும் ஒரு சின்ன கிளாஸ் ஒயினும் சேர்ந்தே நாலு யூரோவுக்குள் முடிந்தது. பிடிக்கவில்லையா, வாயைத் துடைத்துக் கிளம்பலாம். உட்காரவைக்கும் உணவகம் இந்தத் தெருவிலிருந்து தட்டின் அளவை மட்டும் எடுத்துக்கொண்டது. விலையையும் வேகத்தையும், முக்கியமாக எழுந்து போகும் வசதியையும் தெருவிலேயே விட்டுவிட்டது. பன்னிரண்டு தட்டு முன்கூட்டியே சொல்லிவிட்டு உட்கார்ந்திருப்பவன் எங்கே போவான்?

ஒயினுக்கும் இதே கதைதான். லவுரெலில் 'கிரியான்சா' என்று ஒரு சொல் சொன்னால் போதும். சிவப்பு ஒயின், குறைந்தது இரண்டு வருடம் முதிர்ந்தது, அதில் ஒரு வருடமாவது ஓக் பீப்பாயில் கிடந்தது என்பதெல்லாம் அந்த ஒரு சொல்லுக்குள் இருக்கிறது. ரெசெர்வா என்றால் மூன்று வருடம், கிரான் ரெசெர்வா என்றால் ஐந்து. ரியோஹாவுக்கு 1925-லேயே பெயர்க் காப்பு (வேறு ஊர் ஒயின் அந்தப் பெயரில் வரக்கூடாது என்ற விதி) வந்துவிட்டது, 1991-ல் ஸ்பெயினில் முதன்முதலாக அதன் மேல்படித் தகுதியும் கிடைத்தது, புட்டியின் பின்பக்கம் ஒட்டியிருக்கும் முத்திரையின் நிறமே எந்த வகை என்று சொல்லிவிடும். பீப்பாய்ப் பழக்கம் பலமானதற்கும் ஒரு கதை உண்டு. 19-ஆம் நூற்றாண்டில் வேர்ப்பூச்சி பிரான்ஸின் திராட்சையை அழித்தபோது அங்கே ஒயினுக்குப் பேர்போன போர்தோவின் வியாபாரிகள் தங்கள் பீப்பாய்ப் பழக்கத்தோடு மலை தாண்டி இங்கே வந்தார்கள், பக்கத்து ஊரான ஆரோவின் ரயில் நிலையத்தைச் சுற்றிக் கிடங்குகள் முளைத்தன, சில இன்றும் அங்கேயே இருக்கின்றன. இதெல்லாம் எனக்குப் பிடித்த விஷயம்தான். ஆனால் உருளைக்கிழங்கு சூடாக இருக்கும்போது யாரும் என்னிடம் சொல்லக்கூடாது.

நியாயமாகச் சொல்லவேண்டியதும் இருக்கிறது. முட்டிவலிக்காரர்களுக்கும் கைக்குழந்தை வைத்திருப்பவர்களுக்கும் லவுரெல் ஒத்துவராது. எட்டரை மணிக்கு மேல் நெரிசல், சத்தம், காகிதத் துண்டுகளைத் தரையிலேயே போடுவார்கள், கால் வைக்கும் இடமெல்லாம் சரசரக்கும். ஊர்க்காரர்கள் இதை 'யானைப் பாதை' என்கிறார்கள், முழுத் தெருவையும் குடித்து முடித்தவர் தும்பிக்கையோடு நாலு காலில் வெளியே வருவாராம். அவர்கள் மொழியில் தும்பிக்கைக்கும் போதைக்கும் ஒரே சொல். அப்புறம் அந்தக் கண்ணாடி உணவகத்தின் ஆட்டு விலாக்கறி, திராட்சைக் கொடியின் கழித்த குச்சிகளை எரித்த தணலில் சுட்டது, அது மட்டும் உண்மையிலேயே அபாரம். முதலில் வந்ததால் பசியோடு சாப்பிட்டோம், அதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்.

அன்றைக்கு எங்கள் போத்தே சகலை கையில்தான். ஆளுக்கு 20 யூரோ கொடுத்திருந்தோம். ஆறு கடை ஏறி இறங்கிய பிறகு சட்டைப்பையைத் துழாவி, "ஏழு யூரோவும் சில்லறையும் இருக்கு, ஆளுக்குப் பிரிச்சுக் கொடுத்துடவா, இல்ல காளான் கடைக்கே திரும்பிப் போவோமா?" என்றார். போனோம். ஒயின் இல்லாமல் மூன்று காளானுக்குத்தான் காசு வந்தது. நான்கு பேர்.

மச்சினிதான் முதல் குச்சியை எடுத்தாள்.