வெள்ளிக்கிழமை மட்டும் சந்தைக்குப் போகாதே

எருசலேமில் டிசம்பர் வெள்ளிக்கிழமை என்றாலே எனக்கு வயிற்றைக் கலக்கும். யூதர்களின் வார ஓய்வு நாளான ஷபாத் அன்று மாலையே தொடங்கிவிடும். சூரியன் மறைவதற்கு 40 நிமிடம் முன்பே ஷபாத் மெழுகுவத்தி ஏற்றியாக வேண்டும். இந்த மாதத்தில் அது நாலு மணிவாக்கில் வந்துவிடும். ஊர் முழுக்கச் சைரன் ஊதும். டிராம் அதற்கு முன்பே நின்றுபோயிருக்கும்.

வாரம் முழுக்கச் சும்மா இருந்துவிட்டு, எல்லோரும் அன்று காலையில்தான் மஹனே யெஹூதா சந்தைக்கு வருவார்கள். (நானும்தான், ஒத்துக்கொள்கிறேன்.) கூட்டம்கூடப் பரவாயில்லை. அந்தச் சக்கரப் பைகள்! பாட்டிமார்கள் பின்னால் இழுத்துக்கொண்டு வருவார்கள். திரும்பியே பார்க்க மாட்டார்கள். உருளைக்கிழங்கு, கோழி, ஷபாத்துக்கான நாலு ஹல்லா ரொட்டி, இத்தனை பாரமும் என் சுண்டுவிரல் மேல் ஏறி இறங்கும். "ஐயோ" என்றால், ஏன் வழியில் நிற்கிறாய் என்று எனக்கே திட்டு.

சுடச்சுட ருகெலாக் என்ற சுருட்டிய இனிப்புப் பண்டம் வாங்க வரிசை என்று ஒன்று பேருக்கு இருக்கும். "ஒரே ஒரு கேள்வி கேட்கணும்" என்று முன்னால் நுழைந்தவர் இரண்டு கிலோ கட்டிக்கொண்டு போவார்.

எப்படியோ பஸ் பிடித்து உட்கார்ந்தால், செய்தி நேரம் வந்ததும் ஓட்டுநர் ரேடியோவின் சத்தத்தைக் கூட்டுவார். வாரம் பூராவும் கேட்ட அதே செய்திதான். பஸ்ஸே உச்சுக்கொட்டும். பாதிப் பேர் அப்புறம் பிரதமர் யாராக இருக்க வேண்டும் என்று சண்டை போடுவார்கள்.

வீட்டுக்கு வந்து பையைக் கவிழ்த்தால், மெழுகுவத்தி வாங்கவில்லை.