மாமாவின் கல்வெட்டில் மாமியின் பெயரும் வரவேண்டும்

எங்கள் ஒழுங்கை மாமா காலமாகி எட்டுச் செலவும் முடிந்துவிட்டது. முப்பத்தோராம் நாளுக்குக் கல்வெட்டு என்கிற நினைவுப் புத்தகம் அடிக்கப் பிள்ளைகள் ஓடித்திரிகிறார்கள். இதற்கிடையில் திருகோணமலையில் அவரைத் தெரிந்த எல்லோரும் எழுதுகிற அஞ்சலியிலும் ஒரே வரிதான் வருகிறது: "குடும்பத்தைக்கூடப் பாராமல் ஊருக்காகவே வாழ்ந்த மனிதர்." அன்பில்தான் எழுதுகிறீர்கள், தெரியும். ஆனால் அது உண்மையில்லை, மாமிக்குச் செய்கிற அநியாயமும் கூட.

மாமாவுக்குப் பிறிமா மா ஆலையில் ஷிப்ட் வேலை. இரவு வேலை முடிந்து சீனக்குடாவிலிருந்து வந்தால் சின்னவளைச் சைக்கிளில் ஏற்றிப் பள்ளிக்கூடத்தில் விட்டபிறகுதான் படுப்பார். பிள்ளைகளின் ரியூசன், மாமியின் தாயாரின் கிளினிக், எல்லாவற்றுக்கும் அவர்தான் போவார். குடும்பத்தைப் பாராத மனிதன் செய்கிற வேலையா இது?

அவருடைய சீ.ஆர். கொப்பியைப் பார்த்தவர்கள் இதை வாசிப்பீர்கள். இரத்தம் கொடுக்கிற ஆட்களின் பெயர், இரத்த வகை, போன் நம்பர், கடைசியாகக் கொடுத்த திகதி. ஒருமுறை கொடுத்தால் நாலு மாதம் போகவேண்டும், அதனால் திகதியை அன்றன்றே எழுதாவிட்டால் கொப்பியால் பிரயோசனமே இல்லை. ஓ நெகட்டிவ்காரரின் பெயருக்குக் கீழே சிவப்புக் கோடு இருக்கும். ஓ நெகட்டிவ் நோயாளிக்கு ஓ நெகட்டிவ் இரத்தம்தான் வேண்டும் என்பதால் அந்த ஆட்களை இரத்ததான முகாமுக்குக் கூப்பிடாமல் அவசரத்துக்கென்றே வைத்திருப்பார்.

சரி, மாமா இரவு வேலையில் நிற்கும்போது ஆஸ்பத்திரியிலிருந்து யாராவது அழுதுகொண்டு போன் எடுத்தால் என்ன நடக்கும்? வீட்டில் மாமி எழும்பி லைட்டைப் போட்டு, கொப்பியைப் புரட்டி, யாருக்கு நாலு மாதம் முடிந்திருக்கிறது என்று பார்த்து, "தம்பி, குறை நினைக்காதேங்கோ" என்று ஒவ்வொருவராக எழுப்புவார். போன கிழமை அந்தக் கொப்பியை வாங்கிப் பார்த்தேன். பாதிக்கு மேல் மாமியின் உருண்டை எழுத்து. சிவப்புக் கோடுகளும் பெரும்பாலும் அவர் போட்டவைதான்.

2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை, சுனாமி வந்த நாள். நிலாவெளி, உப்புவெளிப் பக்கமிருந்து சனம் உடுத்த உடுப்போடு ஓடிவந்த அன்று மாமா பள்ளிக்கூடத்தில் கிடாரம் வைத்துச் சோறு காய்ச்சியதை எல்லோரும் சொல்கிறோம். ஈர உடுப்போடு குந்தியிருந்த பெண்களுக்கு அன்றிரவே மாமியின் அலுமாரி காலியானதை யாரும் சொல்வதில்லை. கூறைச் சேலை ஒன்றுதான் மிஞ்சியது.

2017 இல் கிண்ணியாவை டெங்கு உலுக்கியபோது எங்கள் பக்கத்துப் பொடியன்களைச் சேர்த்துக்கொண்டு பாலம் தாண்டிச் சிரமதானத்துக்குப் போனவர் மாமா. யுத்தம் முடிந்து அத்தனை வருடம் ஆகியும் தமிழ், முஸ்லிம் இரு பக்கமும் ஒரு தயக்கம் இருந்தது, "உனக்கேன் இந்த வேலை" என்று கேட்டவர்களும் இருந்தார்கள். அவர் பதில் சொல்லிக்கொண்டு நிற்கவில்லை, மண்வெட்டியை எடுத்தார். பொடியன்களுக்கு இடியப்பமும் சம்பலும் கட்டிக் கொடுத்தது யார் என்று நான் சொல்லத் தேவையில்லை. செத்தவீட்டுக்குக் கிண்ணியாவிலிருந்து ஒரு வான் நிறைய ஆட்கள் வந்தார்கள், கொட்டில் போடவும் அவர்களில் சிலர் கை கொடுத்தார்கள்.

வீட்டை விட்டுவிட்டு ஊருக்கு உழைத்தார் என்று எழுதினால், வீட்டைப் பார்க்கிறவனால் பொதுவேலை செய்யமுடியாது என்றுதான் இளம் பிள்ளைகள் விளங்கிக்கொள்வார்கள். மாமாவால் முடிந்ததே அந்த வீடு சேர்ந்து நின்றதால்தான். சங்கத்தில் தலைவர் பதவி கொடுத்தபோதும் "வீட்டில கேட்டுச் சொல்றன்" என்றுவிட்டு வந்தவர் அவர். அப்புறம் இருவரும் பேசி, வேண்டாம் என்று முடிவெடுத்தார்கள்.

கல்வெட்டுக்கு எழுதுகிறவர்கள் வெள்ளிக்கிழமைக்குள் மூத்தவளிடம் கொடுத்துவிடுங்கள். மாமியின் பெயரை "துயருறும் மனைவி" என்ற இடத்தில் மட்டும் போடாமல், நீங்கள் சொல்கிற கதைக்குள்ளேயும் எழுதுங்கள். கொப்பி மாமியிடம்தான் இருக்கிறது, நம்பரும் அதே நம்பர்தான். இந்த மாதம் இரத்தம் கொடுத்தவர்கள் திகதியை அவருக்குச் சொல்லிவிடுங்கள்.