அந்த வசனம் போதகர்களுக்கு மட்டும் உரியதல்ல

“ராஜரீகமான ஆசாரியக்கூட்டம் (அரச குருக்களின் கூட்டம்) என்று பைபிளில் 1 பேதுரு 2:9 சொல்வது போதகர்களையே, சாதாரண விசுவாசிகளுக்கு அதில் பங்கில்லை” என்று எழுதியிருக்கும் சகோதரருக்கு: இது சரியல்ல. பேதுருவின் அந்த நிருபத்தின், அதாவது கடிதத்தின், முதல் வசனத்தைப் பாருங்கள். பொந்து, கலாத்தியா, கப்பத்தோக்கியா, ஆசியா, பித்தினியா என்ற ரோம மாகாணங்களில் சிதறியிருந்த விசுவாசிகள் அனைவருக்கும் எழுதப்பட்டது அது. 2:9-க்குச் சில வசனங்கள் கழித்து எஜமானுக்குக் கீழ்ப்பட்ட வேலைக்காரரிடம் பேதுரு பேசுகிறார். அடுத்த அதிகாரத்தில் மனைவிகளிடமும் கணவர்களிடமும் பேசுகிறார். மூப்பர்களுக்கான அறிவுரை 5ஆம் அதிகாரத்தில்தான், தனியாக வருகிறது. யாத்திராகமம் 19:6-இலும் சீனாய் மலையடியில் இஸ்ரவேல் ஜனம் முழுவதற்கும்தான் ‘ஆசாரிய ராஜ்யமாயிருப்பீர்கள்’ என்ற வாக்கு கொடுக்கப்பட்டது. அந்த ஜனத்துக்குள்ளேயே ஆரோனின் குடும்பத்துக்குத் தனி ஆசாரிய ஊழியம் இருந்தது உண்மை. அதனால் மற்றவர்களின் அழைப்பு ரத்தாகிவிடவில்லை.

விசுவாசிகள் எல்லாரும் ஆசாரியர்களே என்பது, சீர்திருத்தவாதி மார்ட்டின் லூத்தர் 1520-இல் கிளப்பிய புதுக்கொள்கை என்றும் சொல்லியிருக்கிறீர்கள். அப்படியானால் கத்தோலிக்கத் திருச்சபை 1964-இல், இரண்டாம் வத்திக்கான் சங்கத்தில், திருமுழுக்குப் பெற்ற அனைவருக்கும் பொதுக் குருத்துவம் (எல்லாருக்கும் பொதுவான ஆசாரியத்துவம்) உண்டு என்று எப்படி அறிவித்தது? பணிக்குருத்துவத்தை, அதாவது குருப்பட்டம் பெற்றவர்களின் ஊழியத்தை, அது வேறாகவே வைத்திருக்கிறது, ஆனாலும் பொதுக் குருத்துவத்தை மறுக்கவில்லை. வீட்டு வேலை செய்து பிழைக்கும் ஒரு விசுவாசிப் பெண்ணிடம் “இது உனக்கில்லை” என்று சொல்ல நமக்கு யார் அதிகாரம் கொடுத்தது?