ஈ.ஜி.எஃப்.ஆர். பாசிட்டிவ் என்பது மட்டும் போதாது

"பயாப்சியில் ஈ.ஜி.எஃப்.ஆர். என்ற புரதம் பாசிட்டிவ் என்று வந்தாலே பெருங்குடல் புற்றுநோய்க்குச் செடுக்சிமாப் என்ற மருந்து ஊசி பலன் தரும்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அது தவறு. இதை நம்பி யாரும் வீண் நம்பிக்கை வைத்துவிடக் கூடாது என்றுதான் எழுதுகிறேன்.

ஈ.ஜி.எஃப்.ஆர். செல்லின் வெளிச்சவ்வில் இருக்கும் அழைப்பு மணிப் பொத்தான் மாதிரி. வளர்ச்சிக் காரணி வந்து அதை அழுத்தினால், செல்லுக்குள் இருக்கும் ராஸ், ராஃப், மெக், எர்க் என்ற புரதங்கள் வழியாகக் கைமாறிக் கைமாறி, 'பெருகு' என்ற செய்தி உட்கருவுக்குப் போகும். செடுக்சிமாப் அந்தப் பொத்தானை மூடுகிறது, சரி. ஆனால் ராஸ் புரதங்களில் ஒன்றை உருவாக்கும் கே-ராஸ் மரபணு திரிந்திருந்தால், யாரும் அழுத்தாமலே உள்ளே மணி ஓயாமல் அடிக்கும். வாசலை அடைத்து என்ன பயன்? பெருங்குடல் புற்றுநோயாளிகளில் சுமார் 40 சதவீதம் பேருக்கு இந்தத் திரிபு உண்டு. திரிபு இருந்தால் இந்த ஊசி பலன் தராது என்பதை 2008 வாக்கில் வந்த ஆய்வுகள் தெளிவாகக் காட்டிவிட்டன.

அதனால் ரிப்போர்ட்டில் கே-ராஸ், அதே பாதையைச் சேர்ந்த என்-ராஸ், பி-ராஃப் ஆகிய மரபணுக்களின் வரிகளைத் தேடுங்கள். 'வைல்ட் டைப்' என்றால் திரிபு இல்லை. 'ஜி12டி' போல எழுத்தும் எண்ணும் இருந்தால் திரிபு இருக்கிறது. அப்புறம், கட்டி வலப்பக்கக் குடலில் தொடங்கியிருந்தால், வைல்ட் டைப்பாக இருந்தாலும் இந்த ஊசியின் பலன் குறைவு. பரிசோதனை செய்யவில்லை என்றால், ஊசி தொடங்கும் முன்பே டாக்டரிடம் கேளுங்கள்.