பாவாடையில் இரண்டு மடிப்பு

காரைக்குடியில் 22 வருஷமாகத் தையல் கடை வைத்திருக்கிறேன். கண்டங்கிச் சேலைக்கு ரவிக்கை, சடங்குக்கு லெஹங்கா, திருவிழாவுக்குப் பாவாடை சட்டை எல்லாம் தைத்தாயிற்று. இஞ்ச் டேப் கையில் இருப்பதால் ஊரில் என்ன மாறுகிறது என்று எனக்குக் கொஞ்சம் முன்னாலேயே தெரிந்துவிடும்.

போன வருஷம் பள்ளி ஆண்டு விழா சமயம். ஒரு அம்மா, இரண்டாம் வகுப்பு படிக்கிற மகளோடு வந்தார். செல்போனில் ஒரு சினிமாப் பாட்டை ஓடவிட்டு, கதாநாயகியின் ரவிக்கையைக் காட்டினார். “அப்படியே இதே மாதிரி வேணும்க்கா. முதுகு இறக்கமா, கயிறு வச்சு, பிடிச்சுத் தைங்க.”

பிள்ளையை அளந்தேன். மார்பு 24, இடுப்பு 22. அந்த வயசில் உடம்பு தூண் மாதிரி நேராகத்தான் இருக்கும். படத்தில் இருந்த ரவிக்கையோ வளர்ந்த பெண்ணுக்கு டாட், அதாவது மார்பு வளைவுக்கான மடிப்புத் தையல், பிடித்து வெட்டியது. இவளுக்கு டாட்டை எங்கே பிடிக்க?

தயங்கினேன். “டீச்சர் செலக்ட் பண்ண பாட்டுக்கா. குழந்தைதானே, அதுக்கு என்ன தெரியும்?” என்றார்.

குழந்தைக்குத் தெரியாது, சரி. பாட்டு எழுதினவருக்குத் தெரியும். ஸ்டெப் சொல்லிக்கொடுத்த மாஸ்டருக்குத் தெரியும். எனக்கும் தெரியும். தெரிந்தேதான் தைத்துக் கொடுத்து 450 ரூபாய் வாங்கினேன். இதை மறைத்துவிட்டு மற்றவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

விழாவுக்கும் போயிருந்தேன். கையைத் தூக்கும்போதெல்லாம் சட்டை மேலே ஏற, பிள்ளை ஆட்டத்தை விட்டுவிட்டு அதைக் கீழே இழுத்துக்கொண்டே இருந்தாள். கண்ணடிக்கிற இடம் வந்தது. ஒரு கண்ணை மட்டும் மூடத் தெரியாமல் இரண்டையும் இறுக்கி மூடினாள். கூட்டம் சிரித்தது, பின்னாலிருந்து விசில் வந்தது. அவள் விசில் வந்த பக்கம் திரும்பிப் பார்த்து, மறுபடி கண்ணை மூடினாள். இப்போது வேண்டுமென்றே. எனக்கு வயிற்றைப் பிசைந்தது அந்த நொடிதான்.

சினிமாவில் பெரியவர்கள் ஆடிய அசைவுகளைச் சின்னப் பிள்ளைகளை ஆடவைக்காதீர்கள், வயதுக்கு ஒவ்வாத விதத்தில் அவர்களைக் காட்டாதீர்கள் என்று 2019 ஜூனில் மத்திய தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் தனியார் சேனல்களுக்கு அறிவுறுத்தியது. ரியாலிட்டி ஷோக்களைப் பார்த்துச் சொன்னது. பள்ளி மேடைக்கு யார் சொல்வது?

சினிமாவை மட்டும் திட்டவும் மனசில்லை. ஏவி.எம். ஸ்டுடியோவே ஒரு காலத்தில் இந்த ஊரில்தான் இருந்தது, அந்தப் பெருமை எங்களுக்கு உண்டு. ஆனால் ஸ்ரீதேவி பிறந்தது 1963, தமிழில் கதாநாயகியானது 1976. கழித்துப் பாருங்கள். நாமெல்லாம் கைதட்டித்தான் பார்த்தோம்.

மாரியம்மன் திருவிழாவில் முளைப்பாரியை நடுவில் வைத்துக் கும்மி அடிக்கிற பிள்ளைகளைக் கவனித்திருக்கிறீர்களா? வட்டமாக நின்று ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்து ஆடுவார்கள். வெளியே நிற்கிற நமக்கு முதுகுதான். தப்பாக அடித்தால் அவர்களுக்குள்ளேயே சிரிப்பு. மேடையில் முகம் முழுக்க நம் பக்கம், நம் செல்போன் பக்கம்.

உடனே “அந்தக் காலம் மாதிரி வருமா” என்று ஆரம்பிக்காதீர்கள். சிறுமிகளுக்குக் கோயிலில் பொட்டுக்கட்டித் தேவதாசியாக்கி விட்டதும் அந்தக் காலம்தான். பக்கத்துப் புதுக்கோட்டையில் பிறந்த முத்துலட்சுமி ரெட்டி வருஷக்கணக்காகப் போராடி, 1947-ல்தான் அதற்குத் தடைச் சட்டம் முழுசாக வந்தது.

“பொம்பளப் பிள்ளையை அடக்கமா வளர்க்கணும்” என்று கீழே கமெண்ட் எழுதப் போகிற அண்ணன்களுக்கும் ஒன்று. ஆறு வயசுப் பிள்ளை திண்ணையில் கால் நீட்டி உட்கார்ந்தால் “காலை மடக்கு, ஆளுக வர்றாங்க” என்கிறோம். வருகிற ஆள் என்ன பார்ப்பார் என்று நினைத்துச் சொல்கிறோம்? கயிறு வைத்துத் தைக்கச் சொல்கிறவர் கண்ணும் காலை மடக்கச் சொல்கிறவர் கண்ணும் ஒரே இடத்தில்தான் நிற்கின்றன. அவள் கால் நீட்டி உட்காரட்டுமே. ஸ்லீவ்லெஸ் போடட்டும், குட்டை டிரவுசர் போட்டு ஓடட்டும். அவளுக்கு ஓட வசதியாக இருக்கிறதா என்பதுதான் என் கேள்வி.

அந்த நடனம் அம்மாவின் இன்ஸ்டாகிராமில் ஏறியது. கணக்கு தொடங்க 13 வயது ஆகியிருக்க வேண்டும் என்று அவர்களே விதி வைத்திருக்கிறார்கள். அம்மா கணக்கில் ஏழு வயசு நுழைந்துவிடுகிறது. முகம் தெரியாத ஆண்கள் எழுதியிருந்ததை அந்த அம்மாவே என்னிடம் காட்டினார். சத்தம் போட்டுப் படிக்க முடியாமல் போனை நீட்டினார். அன்றே அழித்தும் விட்டார். நல்ல மனுஷிதான், என்னைப் போல யோசிக்காமல் செய்துவிட்டார்.

எங்கள் அம்மா பாவாடை தைத்தால் அடியில் இரண்டு மடிப்புப் பிடித்து வைப்பார். வருஷத்துக்கு ஒன்றாகப் பிரித்துவிட்டால் பிள்ளையோடு பாவாடையும் வளரும். பிரித்த இடம் மட்டும் வெளுக்காமல் புதுக் கோடு மாதிரித் தெரியும், வகுப்பில் கேலி செய்வார்கள். அது வேறு கதை.

இந்த வருஷ ஆண்டு விழாவுக்கு இன்னும் இரண்டு மாதம். நேற்று அதே பிள்ளை அம்மாவோடு வந்தாள், மார்பு 25 ஆகியிருக்கிறாள். டேப்பை எடுக்கும் முன்னால் “என்ன பாட்டு?” என்று கேட்டேன். அம்மா சிரித்துக்கொண்டே, டீச்சரிடம் பேசிவிட்டு வருவதாகச் சொல்லிப் போயிருக்கிறார்.