இருமினால் மாரடைப்பு நிற்காது

“தனியாக இருக்கும்போது மாரடைப்பு வந்தால் மூச்சை இழுத்து விட்டுப் பலமாக இருமிக்கொண்டே இருங்கள், பிழைத்துவிடலாம்.” கல்லூரி வாட்ஸ்அப் குழுக்களிலும் ரீல்ஸிலும் சுற்றும் இந்த அறிவுரை தவறு. 1999 வாக்கிலேயே மின்னஞ்சலில் பரவியதுதான் இது. அப்போது இதற்கு ஆதாரமாகக் காட்டப்பட்ட, அமெரிக்காவின் ராச்செஸ்டர் ஜெனரல் மருத்துவமனையே இதை மறுத்துவிட்டது. அமெரிக்க இதய சங்கமும் இதைப் பரிந்துரைக்கவில்லை.

மாரடைப்பு என்பது இதயத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாயில் ஏற்படும் அடைப்பு. இருமல் அந்த அடைப்பைத் திறக்காது. இதயத்துடிப்பே நின்றுபோனால் சில நொடிகளில் நினைவு தப்பிவிடும், அப்புறம் எப்படி இருமுவது?

சரி, இது முழுக் கற்பனையா என்றால், இல்லை. ஆஞ்சியோகிராம் அறையில், மானிட்டரைப் பார்த்தபடி, சில சமயம் மருத்துவரே நோயாளியை இருமச் சொல்வதுண்டு. அதை விடுதி அறைக்குக் கொண்டுவந்ததுதான் ஆபத்து. இருமிக்கொண்டே பொன்னான நிமிடங்களை இழந்துவிடுவோம்.

நெஞ்சில் அழுத்தம், கைக்கோ தாடைக்கோ பரவும் வலி, வியர்வை இருந்தால் உடனே 108-ஐ அழையுங்கள். கதவைத் திறந்து வையுங்கள், பக்கத்து அறையில் இருப்பவரைக் கூப்பிடுங்கள். நண்பர் மயங்கி, மூச்சும் இல்லையென்றால், நெஞ்சின் நடுவில் நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்துங்கள். ஆம்புலன்ஸ் வரும்வரை நிறுத்தாதீர்கள்.