ரேஷன் அரிசியில் பிளாஸ்டிக் இல்லை

"ரேஷன் அரிசியில் பிளாஸ்டிக் கலக்கிறார்கள், தண்ணீரில் மிதக்கிறது" என்று ஒரு வீடியோ தேவகோட்டை, கல்லல் பக்கத்து வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றுகிறது. அது தவறு. மிதப்பவை செறிவூட்டப்பட்ட அரிசி மணிகள். அரிசி மாவில் இரும்புச்சத்து, ஃபோலிக் அமிலம், வைட்டமின் பி12 சேர்த்துப் பிசைந்து, அரிசி வடிவில் பிழிந்து காயவைத்து, 100 கிலோவுக்கு 1 கிலோ வீதம் கலந்தவை அவை. நிறம் கொஞ்சம் மாறித் தெரியும். பொறுக்கி எறிந்தால் போவது சத்துதான். இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் இணையதளத்தில் விளக்கம் இருக்கிறது. அரிசியில் வேறு குறை என்றால் ரேஷன் புகார் எண் 1967-க்குப் பேசலாம்.

கண்மாய் பெருகாமல் நெல் பதராகிப்போன வருஷத்தில், குதிர் காலியான வீட்டுக்கு இதுதான் உலை அரிசி. பயந்துபோய்க் கோழிக்குப் போட்டால், அப்புறம் கடன் வாங்கித்தான் கடை அரிசி வாங்க வேண்டும். தயவுசெய்து அந்த வீடியோவை யாருக்கும் அனுப்பாதீர்கள். ஏற்கெனவே அனுப்பியிருந்தால் அதே குழுவில் இதையும் போடுங்கள்.